இருபத்தைந்து சுற்று

ஜூன் 3, திங்கள்

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசம் முடிந்து இன்று வீட்டுக்கு வந்தோம். மாடி அறை இனி ஒத்துவராது என்று கூடத்திலேயே கட்டிலைப் போடச் சொல்லியிருந்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் இருவர் இவரைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். "பாத்துடா, துணி மூட்டையாட்டம் போடாதீங்க" என்று அவர்களை அதட்டினார். வாய் கொஞ்சம் கோணியிருக்கிறது, அதட்டல் கோணவில்லை.

மே பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு இடது பக்கம் அப்படியே விழுந்துவிட்டது. கால் மெல்ல வந்துவிடும், கை வருமா என்பது போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் துணிக் கம்பெனியை இவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். நான் இவரைப் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்குக் கம்பெனியில் அச்சடித்த டைரி சும்மாதான் கிடந்தது. மருந்து, மாத்திரை வேளைகளைக் குறிக்கலாம் என்று எடுத்தேன், அதற்குள் இவ்வளவு எழுதிவிட்டேன்.

வந்து அரை மணி ஆகவில்லை. "என்ர வாட்ச் எங்கெ?" என்றார்.

பதினோரு வருஷத்துக்கு முன் பிராங்க்ஃபர்ட் துணிக் கண்காட்சிக்குப் போனவர் அப்படியே சுவிட்சர்லாந்து போய் வாங்கி வந்த கடிகாரம். பேட்டரி கிடையாது. கை அசைய அசைய உள்ளே ஒரு தகடு சுற்றும், அதில் சுருள் இறுகும், அந்த இறுக்கத்தில் ஓடும். வீட்டுக்கு வரும் உறவுக்காரர் ஒருவரையும் விட்டதில்லை. "இதுக்கு பேட்டரியே நாந்தான்" என்பார். அவர்கள் சிரிக்க வேண்டும். நானும் சிரிக்க வேண்டும்.

பீரோவிலிருந்து எடுத்து வந்தேன். மூன்று வாரமாக நின்று கிடந்தது. எப்படி வைப்பது என்று படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். பக்கத்தில் இருக்கும் குமிழைத் திருகித் தளர்த்த வேண்டும். ஒரு தடவை இழுத்தால் தேதி, இன்னொரு தடவை இழுத்தால் முள். முடிந்ததும் அமுக்கியபடியே திருகி மூட வேண்டும். "நல்லா மூடு. இல்லாட்டித் தண்ணி எறங்கிரும்." பிறகு கொஞ்சம் குலுக்கச் சொன்னார். குலுக்கினேன். நொடி முள் புறப்பட்டது. இடது மணிக்கட்டில் கட்டிவிட்டேன். செயின் தொளதொளவென்று முழங்கை வரைக்கும் போகிறது, கை அவ்வளவு இளைத்துவிட்டது.

ஜூன் 4, செவ்வாய்

மதியம் மூன்று இருபதுக்குக் கடிகாரம் நின்றுவிட்டது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"தமயந்தி, நின்னுபோச்சு."

"இன்னொருக்கா குலுக்கட்டுங்களா மாமா?"

"பொணத்தைக் குலுக்கி நடக்க வெப்பியா நீயி?"

சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். ராகிக் கஞ்சி அப்படியே ஆறிப்போனது.

ஜூன் 5, புதன்

சாப்பிடவில்லை. மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறந்தார். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை கூடாது. கெஞ்சிப் பார்த்தேன், சிபி பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சிபி எங்கள் ஒரே மகன், நெதர்லாந்தில் இருக்கிறான். எதற்கும் மசியவில்லை. சாயங்காலம் துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இவர் அழுது இன்றுதான் பார்க்கிறேன். வாஷிங்மெஷினும் இன்றைக்கென்று பார்த்துத் தண்ணீர் இழுக்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

கடிகாரப் பெட்டிக்குள் கோயமுத்தூர் சர்வீஸ் கடையின் அட்டை இருந்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். கை அசையாத ஆள் இதைக் கட்டிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன்.

"தாராளமாங்க மேடம். ஆட்டோமேட்டிக்குன்னாலும் இதுக்குச் சாவியும் உண்டுங்க. வாங்கறவங்க நெறையப் பேருக்கே அது தெரியறதில்லீங்க. குமிழைத் தளர்த்துங்க. இழுத்துராதீங்க. அப்பிடியே மேல்பக்கமா இருவத்தஞ்சு சுத்து குடுங்க. ஒன்றரை நாளு ஓடும்."

பொறுமையான மனிதர். கேட்காததையும் சொன்னார். முள்ளை எப்போதும் முன்னோக்கியே திருப்ப வேண்டும். இரவு ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரை தேதியை மாற்றக் கூடாது, அந்த நேரம் உள்ளே பல்லும் பல்லும் பிடித்துக்கொண்டிருக்கும், உடைந்துவிடும். தேதி மாற்றுவதென்றால் முள்ளை ஆறுக்குக் கொண்டுவந்து மாற்றுவது நல்லது. செல்போன் பக்கத்தில் வைக்க வேண்டாம், காந்தம் ஏறும். எல்லாவற்றுக்கும் சரிங்க சரிங்க என்றேன்.

உடம்பு துடைத்துவிடும் நேரத்தில் கடிகாரத்தைக் கழற்றுவது வழக்கம். கழற்றிக்கொண்டு பாத்ரூமுக்குள் போய் இருபத்தைந்து சுற்று கொடுத்தேன். முள்ளை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டேன். திரும்ப வந்து கட்டினேன். பதினோரு மணி இருக்கும், கூடத்திலிருந்து ஒரு சத்தம்.

"அம்மிணி! இங்கெ ஓடியா! ஓடுது பாரு!"

"அட, ஆமாங்க!"

"கை ஆடியிருக்குது. எனக்கே தெரியாம தூக்கத்துல ஆடியிருக்குது!"

என்னையே மணி வைக்கச் சொன்னார். நாலு இட்லி சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னியில் உப்பு குறைவு என்று குறையும் சொன்னார். நான் ஒன்றும் பெரிய தப்பு செய்ததாக நினைக்கவில்லை.

ஜூன் 7, வெள்ளி

இருபத்தைந்து சுற்று. மூன்று இட்லி, ஒரு தோசை.

ஜூன் 12, புதன்

பிசியோதெரபி செய்ய மரியசெல்வம் என்பவர் தினமும் காலையில் வருகிறார். தூத்துக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சு நயமாக இருக்கிறது, பிடி இரும்பாக இருக்கிறது. காலை மடக்கி நீட்டும்போது இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறார். கைக்கு வரும்போதுதான் கூச்சல். தோளில் வலி உயிர் போகிறதாம்.

"வலிக்கத்தான் செய்யும் சார். வலிக்குதுன்னாலே உயிரு இருக்குன்னு அர்த்தம்லா" என்றார் மரியசெல்வம்.

இவர் கடிகாரத்தைக் காட்டினார். "உசுரு இருக்குதா இல்லையான்னு இது சொல்லுமப்பா." மரியசெல்வத்துக்குப் புரியவில்லை. பேட்டரி கதை முழுவதும் ஒருமுறை அரங்கேறியது.

ஜூன் 18, செவ்வாய்

கடிகாரத்தைச் சுத்தம் செய்தேன். வேர்வையும் எண்ணெயும் சேர்ந்து செயின் கண்ணிகளுக்கு நடுவே கறுப்பாக அப்பியிருந்தது. குமிழ் இறுகியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பூ விட்டு, பழைய டூத்பிரஷ் வைத்துத் தேய்த்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வேலை. மூடுகிற கொக்கியின் விளிம்பு இன்னும் கூராகவே இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் துணியால் ஈரம் எடுத்தேன். பளபளவென்று ஆகிவிட்டது.

என் காதுக்கு மேலே தைத்த இடம் மழைக்காற்று அடித்தாலே அரிக்கிறது. நாலு வருஷத்துக்கு முன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தது. ஆறு தையல்.

இவருக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம். சின்ன வயதில் மாமனார் விறகுக் குச்சியால் விரலில் அடித்தே மாற்றினாராம். அதனால் எழுதுவது, சாப்பிடுவது, விபூதி எடுப்பது எல்லாம் வலது கை. யோசித்துச் செய்வதெல்லாம் வலது கை. யோசிக்காமல் செய்வது மட்டும் இடது கையில் தங்கிவிட்டது.

ஜூன் 26, புதன்

இன்றிலிருந்து கைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "காலை மட்டும் பாரு. கை தானா வந்துட்டிருக்குது. வாட்ச் ஓடுதில்ல?" மரியசெல்வம் என்னைப் பார்த்தார். நான் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

கால் தேறிவருகிறது. நாலுமுனைக் குச்சியை ஊன்றிக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று வந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் "சித்தெ தண்ணி தர்றயா?" என்று கேட்கிறார். தர்றயா! இந்த வீட்டில் அப்படி ஒரு சொல் இருந்ததே எனக்குத் தெரியாது. மத்தியானம் நான் டி.வி. பார்த்தேன், சத்தத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. மாம்பழம் வெட்டி இருவரும் சாப்பிட்டோம். வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது.

ஜூலை 1, திங்கள்

கடிகாரத்துக்கு ஜூனில் முப்பது நாள்தான் என்று தெரியாது. இன்று முப்பத்தொன்று காட்டியது. "தேதியை ஒண்ணுக்கு வெய்யி" என்று கடிகாரத்தைக் கழற்றிக்கொள்ளச் சொன்னார். அவர் முன்னாலேயே செய்தேன். குமிழைத் தளர்த்தி, முள்ளை முன்னோக்கிச் சுற்றி ஆறுக்குக் கொண்டுவந்து, தேதியை மாற்றி, திரும்ப முன்னோக்கியே சுற்றி எட்டேகாலுக்கு வைத்து மூடினேன்.

என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெம்பப் பழகுன கையாட்டம் திருப்பறே?"

"நீங்கதானுங்க அன்னிக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

"ஒருக்காத்தான சொன்னேன்."

இட்லிப் பானையில் தண்ணீர் வற்றுகிற சத்தம் கேட்டதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தேதி இரண்டு ஆகிவிட்டது. நான் சுற்றிய சுற்றில் அதற்குப் பகல் இரவாகிவிட்டது. காலை எட்டேகாலை ராத்திரி எட்டேகால் என்று அது நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன்ர கையில குடுத்தா சுவிஸ்காரனே கொழம்பிப் போவான்!" நானும் சிரித்தேன். காலையில் கேட்ட கேள்வியை மறந்துவிட்டார் என்று நிம்மதியாக இருந்தது. பிறகு பன்னிரண்டு மணி நேரத்தை முன்னோக்கிச் சுற்றிச் சரி செய்தேன். தேதியையும் ஒரு முழுச் சுற்று சுற்றி ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஜூலை 11, வியாழன்

மரியசெல்வம் போகும்போது வாசல் வரைக்கும் கூட வரச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டே பேசினார்.

"அம்மா, ஒளிக்காமச் சொல்லுதேன். மொத மூணு மாசந்தான் முக்கியம். ரெண்டு மாசம் போயிட்டு. இப்பவே தோளு இறுக ஆரம்பிச்சிட்டு. இப்ப விட்டோம்னா பெறகு கைய வாங்கறது ரொம்பக் கஷ்டம்மா."

"அவரு கேக்க மாட்டீங்கறாருங்க."

"வாட்ச் ஓடுதுன்னு சொல்லுதாரு. நான் கையத் தூக்கிப் பாக்கேன், உப்பு மூட்ட கணக்கா கெடக்கு. அது எப்படிம்மா ஓடுது? நீங்க எதும் பண்ணுதீங்களா?"

"இல்லீங்களே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காதுப் பக்கம் பார்த்தார். காற்றில் முடி விலகியிருந்தது போல.

"தையல் போட்டதாம்மா?"

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டனுங்க."

"செரிம்மா" என்றார். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அந்தச் 'செரிம்மா' எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 12, வெள்ளி

இருபத்தைந்து சுற்று.

ஜூலை 13, சனி

இருபத்தைந்து சுற்று. கொத்தவரங்காய் பொரியல், பருப்பு, ரசம்.

ஜூலை 19, வெள்ளி

சிபி வீடியோவில் வந்தான். அப்பாவிடம் பேசிவிட்டு, என்னைத் தனியாகப் போனை எடுத்துக்கொண்டு போகச் சொன்னான். மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன்.

"கை எப்பிடிம்மா இருக்குது? நெசமாச் சொல்லு."

"அப்பிடியேதான் இருக்குது சாமி. பயிற்சி பண்ண மாட்டீங்கறாரு."

அங்கே மழை பெய்துகொண்டிருந்தது, ஜன்னலில் தெரிந்தது.

"வரலைன்னா உடும்மா" என்றான். "வந்து என்ன ஆகப் போகுது."

என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவன் இங்கே இருந்த வருஷங்களில் மாடி அறையில் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு படிப்பான். பாட்டு இருந்தால்தான் படிப்பு ஏறும் என்பான்.

ஜூலை 24, புதன்

காலையில் இவருக்கு முகச்சவரம் செய்தேன். நகம் வெட்டினேன். இடது கை விரல்களைப் பிரித்துத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது, உள்ளங்கைக்குள் மடங்கிக்கொள்கின்றன. கட்டைவிரலை வெட்டும்போது லேசாக, நூல் அளவுக்கு, ஒரு துடிப்பு. அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மரியசெல்வத்திடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவர் வந்தார், காப்பி கொடுத்தேன், போய்விட்டார்.

எழுதாமல் இருந்தால் மட்டும் இல்லாமல் போய்விடுமா. நான் பாத்ரூமில் விழவே இல்லை. கம்பெனிக்கு ஒரு ஆர்டர் தள்ளிப்போன நாள் அது. மோரில் உப்பு கூடிவிட்டது. யோசிக்காத கை யோசிக்கவில்லை. கடிகாரத்தின் கொக்கி காதுக்கு மேலே கிழித்தது. டாக்டரிடம் வழுக்கி விழுந்ததைச் சொன்னவளும் நான்தான், இவர் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்று பார்த்தார். கடிகாரத்தின் கண்ணாடியில்.

முதல் நாள் சாவி கொடுத்தது இவர் சாப்பிடுவதற்காக. அது சத்தியம். இப்போது எதற்காகக் கொடுக்கிறேன்? இவர்தான் நாலு வேளையும் சாப்பிடுகிறாரே.

அந்தக் கை வர வேண்டாம் என்று எனக்கு இருக்கிறது. இருக்கிறது. இதை எழுதிவிட்டுக் கை கழுவினேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. வருஷா வருஷம் மாயனூர் போய் காவிரியில் குளித்து, கரையில் கட்டுச்சோறு சாப்பிட்டு வருவோம். இந்த வருஷம் வீட்டிலேயே செம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டேன். எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம். புது மஞ்சள் கயிற்றைத் தட்டில் வைத்திருந்தேன். எப்போதும் நானேதான் மாற்றிக்கொள்வேன்.

"இந்த வருசம் நான் கட்டறேன், குடு" என்றார்.

"எதுக்குங்க மாமா, செரமம்?"

"கை வந்துருச்சுன்னு நீயும் பாத்துக்க. இங்கெ வந்து உக்காரு."

கட்டிலோரத்தில் அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு முனையை வலது கையில் பிடித்துக்கொண்டார். இன்னொரு முனையை இடது கை விரல்களுக்கு நடுவே வைக்கச் சொன்னார். வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன். அவர் முகமெல்லாம் வேர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. கை, மடியில் கிடந்தது கிடந்தபடி இருந்தது. மூன்றாவது தடவையும் கயிறு என் மடியில் விழுந்தது.

அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். நொடி முள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒரு கயித்தைப் புடிக்க முடீல. இது எப்பிடி ஓடுது?"

கயிற்றைச் சுருட்டித் தட்டில் வைத்தேன்.

"தமயந்தி."

"இதுக்குச் சாவி இருக்குதுங்க மாமா."

"சாவியா? ஆட்டோமேட்டிக்கு இது."

"அதுக்கும் சாவி இருக்குதுங்க. கடைக்காரரு சொன்னாரு. இருவத்தஞ்சு சுத்து."

"ஆரு குடுக்கறா?"

"நாந்தானுங்க."

"எப்ப இருந்து?"

"ஜூன் ஆறாந் தேதியில இருந்துங்க."

செம்பு பறந்தது. வலது கைக்கு இன்னும் குறி பழகவில்லை, சுவரில் பட்டுத் தண்ணீர் கூடம் பூராவும் சிதறியது. "என்னை முட்டாளாக்கிட்டயேடி! ரெண்டு மாசம்! எதுக்குடி? எதுக்கு?"

"நீங்க சாப்பிடோணும்னுங்க" என்றேன். பாதியை மட்டும் சொன்னேன்.

தரையைத் துடைத்துவிட்டுச் சாமி அறையில் போய்ப் புதுக் கயிற்றை நானே கட்டிக்கொண்டேன். மூன்று முடிச்சு. ஒன்றை இரண்டு தடவை போட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

விடிகாலையிலேயே கடிகாரம் நின்றிருந்தது. கழற்றட்டுமா என்று கேட்டேன். நின்ற கடிகாரத்தோடேயே இருக்கிறார். மரியசெல்வம் உள்ளே வந்ததும் இடது கையை வலது கையால் தூக்கி அவர் முன்னால் போட்டார். "இதைப் பாரு" என்றார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

மரியசெல்வம் இப்போது இரண்டு வேளை வருகிறார், காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். கத்துகிற கத்தல் தெருவுக்கே கேட்கிறது. ஆனால் நிறுத்துவதில்லை. கோபத்தை வைத்துக்கொண்டே கையை எழுப்பிவிடுவார் போலிருக்கிறது. மரியசெல்வத்துக்கு ஒரே சந்தோஷம். "சாருக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, சிங்கம் மாதிரி செய்யுதாரு!"

தண்ணீர் வேண்டுமென்றால் இப்போது டம்ளரால் மேசையைத் தட்டுகிறார்.

ஆகஸ்ட் 21, புதன்

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. பேனா மூடியைப் பிடித்து அரை நிமிஷம் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். கைதட்ட வேண்டும் போல இருந்தது. அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே வந்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. பயமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது, அதுதான் எனக்கே விளங்கவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கோயமுத்தூர்க் கடைக்காரர், மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டுவைத்தால் உள்ளே எண்ணெய் இறுகிப்போகும் என்று அன்றைக்கே சொல்லியிருந்தார். இவர் கையிலிருந்து கழற்றி, கூடத்தில், இவர் கண் முன்னால் உட்கார்ந்து இருபத்தைந்து சுற்று கொடுத்தேன். வாய்விட்டு எண்ணினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். மணி வைத்து மேசை மேல் வைத்தேன். கட்டச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

காலையில் மரியசெல்வம் பக்கத்தில் நிற்க, இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் குனிந்து சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது கை மேலே வந்தது. மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து என் தலை உயரத்துக்கு. நடுங்கிக்கொண்டே, யாரும் தாங்காமல், தானாக.

"வந்துட்டு சார்! வந்துட்டு!" என்று மரியசெல்வம் கத்தினார்.

நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை.

மரியசெல்வம் வாயை மூடிக்கொண்டார். இவர் கையை இறக்கவில்லை. அந்தரத்தில் அது ஆடிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் எழுந்து பொத்தான் ஒன்று விழுந்துவிட்டது, அதைத்தான் தேடினேன் என்றேன். சட்டையில் எல்லாப் பொத்தானும் இருந்தன.

மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் காப்பி கொடுக்கப் போனபோது, இருபத்தேழு நாளுக்குப் பிறகு, பேசினார்.

"மரியசெல்வத்தை இனி வர வேண்டாம்னு சொல்லிரு."

"ஏனுங்க?"

"கை இப்பிடியே கெடக்கட்டும். போதும்."

"நேத்துத்தானுங்களே தூக்கினீங்க."

"நேத்துத்தான் பாத்தேன்" என்றார். வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். "நீ தலையைப் பொத்திக் குனிஞ்சதை. அதுக்கு முன்னால நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்ல. அடிக்கறவனுக்கு அது கண்ணுல படாது போல." பிறகு, "சாவி குடுத்ததுக்கு இன்னொரு காரணம் இருந்துச்சில்ல?" என்றார்.

"இருந்துச்சுங்க."

"அந்தக் கை வரக் கூடாதுன்னு."

"ஆமாங்க."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. செம்பு எதுவும் பறக்கவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப வேண்டாம். உட்டுரு" என்றார்.

ஒரு நிமிஷம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. இனி பயமே இல்லை என்று தோன்றியது. அடுத்த நிமிஷம் எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"நல்லா இருக்குதுங்க உங்க ஞாயம்! எம்பட பேரைச் சொல்லிக் கையை முடமாக்கிட்டு உக்காந்துக்குவீங்க. நான் காலம் பூரா அதுக்கு எண்ணெய் தேச்சு, நகம் வெட்டி உட்டுட்டு, எனக்காகத் தியாகம் பண்ணுனவருன்னு கும்பிட்டுட்டு இருக்கோணுமா? வராத கை அடிக்காம இருக்கறதுல என்னங்க இருக்குது? கை வரட்டும். வந்துட்டு அடிக்காம இருக்கட்டும். அதைத்தான் நான் பாக்கோணும்."

கையிலிருந்த காப்பி டம்ளரை மேசையில் வைத்தேன்.

"இன்னொண்ணு. ஒருக்காப் பட்டாலும், அன்னிக்கே நான் சிபிகிட்டப் போயிருவேன். வழுக்கி உழுந்தேன்னு இனி ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "செரி" என்றார்.

"செரிங்கறதை நானே பாத்துக்கறேன்" என்றேன்.

மரியசெல்வம் இன்று வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். திங்கட்கிழமைதான் வருவார். இந்த வேலையை இதுவரை தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் தடவையாக அந்தக் கையை என் இரண்டு கையிலும் எடுத்தேன். கனமாக, வெதுவெதுப்பாக இருந்தது. அவர் எண்ணினார், நான் தூக்கினேன். பத்துக்கு மேல் நான் தாங்க வேண்டியிருக்கவில்லை. பதினாலாவது தடவை தானாகவே தோளுக்கு மேலே வந்து, என் முகத்துக்கு நேராக நின்றது. நான் குனியவில்லை. குனியாமல் உட்கார்ந்திருக்க நான் பட்ட பாடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கையை மெல்ல, மிக மெல்ல, மடியில் இறக்கி வைத்தார். "பதினாலு" என்றேன். சாயங்காலம் மறுபடி செய்ய வேண்டும்.